அலுவலக இழுப்பறையில் ஒரு பழைய போன்: நிறுவனத்தின் நிரலகத்தைத் தனித் திட்டமாக்கும் வழிகள்

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் நான் பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கும் அலுவலகத்தில், ஒரு மேசை இழுப்பறைக்குள் கண்ணாடி விரிந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்று கிடக்கிறது. அதில் சிம் கிடையாது. சார்ஜர் எப்போதும் சொருகியே இருக்கும். பிடுங்கினால் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். எங்கள் நிரலகத்தின் புதிய பதிப்பை வெளியிடும் ஒவ்வொரு முறையும் ஒருவர் இழுப்பறையைத் திறந்து, அந்தப் போனில் தோன்றும் ஆறு இலக்க எண்ணை உரக்க வாசிப்பார். இன்னொருவர் அது மாறுவதற்குள் கணினியில் அடிக்க வேண்டும். முப்பது விநாடிதான் அவகாசம்.

நிரலகம் என்று எழுதுகிறேன். அலுவலகத்தில் லைப்ரரி என்றுதான் சொல்வோம்; பிற மென்பொருள்கள் தமக்குள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டு, அம்மொழி நிரலகங்களைப் பகிரும் பைபிஐ தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறமூல உரிமத்தில் வெளியிடப்பட்டது. அது செய்வது மூன்று வேலைகள். ரூபாய்த் தொகையைத் தமிழ்ச் சொற்களில் எழுதும். தமிழ்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கும். பழைய எழுத்துரு முறைகளில் அடித்துவைத்த உரையை யூனிகோடுக்கு மாற்றும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் 800-ஐ எண்ணூறு என்று சரியாக எழுதிய எங்கள் முதல் பதிப்பு, 900-ஐ ‘ஒன்பது நூறு’ என்று எழுதியது. தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம் என்று ஒன்பது ஒவ்வொரு படியிலும் வேறு வேடம் போடுவதைக் கணினிக்குத் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அகர வரிசையும் அப்படித்தான். யூனிகோடில் ற, ல, ள, ழ, வ என்ற ஒழுங்கில் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. அதை நம்பி அடுக்கினால் பற்று, பல், பள்ளி, பழம் என்று வரும். நம் அகராதியில் பல், பழம், பள்ளி, பற்று. அம்பாசமுத்திரத்து அரிசி ஆலையின் வாடிக்கையாளர் பட்டியல் சரியாக வந்தால் அதற்குப் பின்னால் இந்த வேலை இருக்கிறது என்று அந்த ஆலைக்காரருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இப்போது நிறுவனம் கைமாறப் போகிறது. வாங்குகிறவர்களுக்கு எங்கள் பில்லிங் மென்பொருளின் வாடிக்கையாளர்கள் வேண்டும். நிரலகத்தைப் பற்றி ஒரு கேள்விகூட அவர்கள் கேட்கவில்லை. உரிமையாளர் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, “தம்பி, மார்ச் மாதம் வரைதான் என் கையெழுத்துக்கு மதிப்பு. அதற்குள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார்.

எழுதிக்கொண்டு போவதற்காக யோசித்ததுதான் இது. பராமரிப்பாளர்கள் நாங்கள் மூன்று பேர்: நான், தென்காசியில் இருந்து வேலை பார்க்கும் ஒரு பெண், சம்பளம் எதுவும் வாங்காமல் எழுத்துரு மாற்றும் பகுதி முழுவதையும் எழுதிக்கொடுத்த, கனடாவில் வாழும் ஈழத் தமிழர் ஒருவர். அவரை நான் நேரில் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், நிறுவனம் எங்களுக்கு இதுவரை என்ன கொடுத்தது என்று கணக்குப் பார்த்தோம். சர்வர் வாடகை சில்லறைச் செலவு. பெரியது நேரம். வாரத்தில் ஒரு நாள் நானும் அரை நாள் தென்காசிக்காரரும் நிறுவனச் சம்பளத்தில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த ஒன்றரை நாள் போய்விடும். அறக்கட்டளை, சங்கம், புதுப் பெயர் என்று பேசும்போது இதை மறந்துவிடுவது எளிது. அதனால் ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் உரசிப் பார்த்தேன். பெயர் யாரிடம் இருக்கும்? புதிய பதிப்பை வெளியிடும் அனுமதி, அதாவது சாவி, யாரிடம்? காப்புரிமை (காப்பிரைட்) யாருடையது? ராத்திரி பத்து மணிக்கு வரும் புகாரை யார் திறந்து பார்ப்பார்?

முதல் வழி, நிறுவனத்திடமே விட்டுவிட்டு நடத்தும் விதிகளை மட்டும் எழுதி வாங்கிக்கொள்வது. ‘பராமரிப்பாளர்கள் முடிவெடுப்பார்கள், நிறுவனம் தலையிடாது’ என்று ஒரு சாசனம். இதற்கு எதிராக எல்லாரும் சொல்லும் கதைகள் உண்டு. 2021 ஜனவரியில் எலாஸ்டிக் நிறுவனம், திறமூலமாக இருந்த எலாஸ்டிக்சர்ச் மென்பொருளின் உரிமத்தை இறுக்கி மாற்றியது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்மின் உரிமத்தை மாற்றியது. 2024 மார்ச்சில் ரெடிஸ். மூன்றிலும் நிறுவனமே பொருளை வைத்திருந்தது. ஒரு நாள் காலையில் விதி மாறியிருந்தது. ஆனால் இந்தக் கதைகள் எங்களுக்குப் பொருந்தா. அங்கே பொருள் பணம் காய்க்கும் மரம். பிற நிறுவனங்கள் பழம் பறித்துக்கொண்டு போகின்றன என்ற கோபத்தில் வேலி போட்டார்கள். எங்கள் நிரலகத்துக்கு வேலி போட்டால் ஒரு ரூபாய் வராது. எங்களுக்குப் பேராசையால் ஆபத்து இல்லை, மறதியால்தான் ஆபத்து.

மறதி எப்படிக் கொல்லும் என்பதற்கு 2022 மே மாதத்து நிகழ்ச்சி ஒன்று போதும். பைபிஐ தளத்தில் ‘சிடிஎக்ஸ்’ என்ற சிறிய பேக்கேஜ், அதாவது நிரலகம், இருந்தது. அதை வைத்திருந்தவரின் மின்னஞ்சல் அவருடைய சொந்த இணையப் பெயரில் (டொமைன்) ஓடியது. அந்தப் பெயரின் காலம் முடிந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை. வேறொருவர் அதைக் காசு கொடுத்து வாங்கி, அதே மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி, கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகச் சொல்லிப் புதியது வாங்கி, பேக்கேஜுக்குள் திருட்டு நிரலைப் போட்டார். பூட்டை உடைக்கவே இல்லை. எங்கள் பைபிஐ கணக்கின் மின்னஞ்சலும் நிறுவனத்தின் இணையப் பெயரில்தான் இருக்கிறது. வாங்குகிறவர்கள் ஒரு நாள் பெயரை மாற்றி, பழைய முகவரியை இரண்டு ஆண்டு கழித்துக் கைவிட்டால் எங்கள் கதையும் அதுதான். இப்போது பைபிஐ, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருப்பதால் கொஞ்சம் தடை உண்டு. அந்தத் தடையின் பெயர், இழுப்பறையில் கிடக்கும் போன். எனவே சாசனம் எவ்வளவு அழகாக எழுதினாலும் இந்த வழி வேண்டாம் என்று முதல் நாளே முடிவெடுத்துவிட்டோம்.

இரண்டாவது வழி ஃபோர்க். நிரலை நகலெடுத்துக்கொண்டு புதுப் பெயரில் தனிக்குடித்தனம் போவது. திறமூல உரிமம் இதற்கு யார் கையெழுத்தையும் கேட்பதில்லை. நிறுவனம் முறைத்துக்கொண்டு நிற்கும்போது இதுதான் வழி, வேறு வழியும் கிடையாது. 2010 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரக்கிள் வாங்கி முடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சன் வைத்திருந்த ஓப்பன்ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் வேலை செய்தவர்கள் பலர் வெளியேறி லிப்ரேஆபீஸ் என்று தொடங்கினார்கள். 2011 ஜனவரியில், சன்னிலேயே பிறந்த ஹட்சன் என்ற மென்பொருள் திட்டத்தார், அந்தப் பெயர் தன்னுடையது என்று ஆரக்கிள் சொன்னதால், வாக்கெடுத்து ஜென்கின்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். இன்று ஹட்சனை யார் நினைக்கிறார்கள்? ரெடிஸ் உரிமத்தை மாற்றிய எட்டே நாளில், திறமூலத் திட்டங்களுக்கு இடம் தரும் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அதன் ஃபோர்க்காக வால்கீ பிறந்தது.

இந்தக் கதைகளைப் படித்தால் கை துறுதுறுக்கும். ஆனால் எட்டு நாளில் வால்கீ பிறந்தது, பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் சம்பளத்தோடு வந்து நின்றதால். லிப்ரேஆபீஸுக்கு ஊர் உலகம் அறிந்த பெயர் கிடைத்த பிறகும், ஓப்பன்ஆபீஸ் என்ற பழைய பெயர் 2011-இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போய் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பெயரைத் தேடிப் போய் இறக்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நெல்லைக்காரன் அல்வாவைச் சொல்லாமல் விட மாட்டான் என்று நீங்கள் நினைப்பது தெரியும். சொல்லிவிடுகிறேன். சம்பா கோதுமைப் பாலும் நெய்யும் சர்க்கரையும் யார் வேண்டுமானாலும் கிண்டலாம், செய்முறையில் ரகசியம் இல்லை. மாநிலத்தின் எந்த பஸ் நிலையத்தில் இறங்கினாலும் பலகையில் ‘திருநெல்வேலி’ என்று எழுதியிருப்பதற்குக் காரணம், வாங்குகிறவர் பலகையைப் பார்த்துத்தான் நிற்கிறார் என்பது.

எங்கள் நிரலகத்தை 2018-இல் எடுத்துத் தன் மென்பொருளில் போட்டுவிட்டு மறந்துபோன ஒருவர் சங்கரன்கோவிலில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் புதுப் பெயர் போய்ச் சேராது. பழைய பெயரில் பதிப்புகள் நின்றுபோகும். அவர் கடைகளின் பில் ஒரு நாள் நின்றுபோகும். பைத்தான் 3.12 வெளியானபோது, 2023 அக்டோபரில், டிஸ்ட்யூடில்ஸ் என்ற பழைய பகுதியை நீக்கிவிட்டார்கள். எங்கள் நிறுவும் கோப்பு அதை நம்பியிருந்தது. நாங்கள் அதே பெயரில் புதுப் பதிப்பு விட்டதால் பலருக்குப் பிரச்சினை நடந்ததே தெரியாது. ஃபோர்க்கில் புகார்ப் பட்டியலும் கூட வராது. எட்டு ஆண்டு விவாதங்கள் பழைய வீட்டிலேயே தங்கிவிடும். நிரலையும் புகார்களையும் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில், நிறுவனத்தின் கணக்கிலிருந்து களஞ்சியத்தை முறைப்படி மாற்றினால் புகார்களும் கூடவே வருகின்றன, பழைய முகவரிக்குப் போகிறவர்களைப் புதிய முகவரிக்கே திருப்பிவிடுகிறது. மாற்றித்தர ஒருவர் தயாராக இருக்கும்போது ஃபோர்க் செய்வது வாசல் திறந்திருக்கச் சுவரேறிக் குதிப்பது போல.

பெயரைச் சொல்லும்போது, ஜாவா என்ற நிரல்மொழிக்காரர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 2017-இல் ஆரக்கிள், பெரிய நிறுவன மென்பொருள்களுக்கான ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. நிரல் முழுவதும் வந்தது. ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்களை மாற்றங்களோடு பயன்படுத்தும் உரிமை மட்டும் வரவில்லை. பேசிப் பார்த்தும் படியாததால், 2020-இல் வந்த ஜகார்த்தா இஇ 9 பதிப்பில் அத்தனை பெயர்களையும் ‘ஜகார்த்தா’ என்று மாற்றினார்கள். உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து முதல் சில வரிகளை மாற்ற வேண்டி வந்தது. கோ, ஜாவா போன்ற மொழிகளில் நிறுவனத்தின் இணையப் பெயரோ கணக்கின் பெயரோ நிரலுக்குள்ளேயே முகவரியாகப் பதிந்துவிடுகிறது. பைத்தானில் அந்தத் தொல்லை இல்லை. எங்களுக்கு அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

மூன்றாவது வழி பெரிய அறக்கட்டளை. இதை நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். கூகுள் 2015-இல் குபெர்னெட்டீஸ் என்ற மென்பொருளை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் உருவான புதிய அமைப்புக்குக் கொடுத்தது. ரஸ்ட் என்ற நிரல்மொழியை வளர்த்த மொசில்லாவில் 2020 ஆகஸ்டில் 250 பேர் வேலை இழந்தார்கள். 2021 பிப்ரவரியில் ரஸ்ட் மொழிக்குத் தனி அறக்கட்டளை வந்தது. மெட்டாவின் ஏஐ நிரலகமான பைடார்ச் 2022-இல் லினக்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. ஐந்தாறு பெரிய நிறுவனங்கள் ஒன்றை ஒன்று நம்பாமல் ஒரே பொருளைப் பயன்படுத்தும் இடத்துக்கு இது சரி. நடுவே ஒரு பொது மேடை தேவைப்படுகிறது, அதற்குச் சந்தா கட்ட ஆளும் இருக்கிறது. எங்கள் விஷயத்தில் அப்பாச்சியின் ஒரு விதியே போதும்: ஒரு பதிப்பை வெளியிட, திட்டக் குழுவில் குறைந்தது மூன்று பேர் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். எங்கள் மொத்த எண்ணிக்கையே மூன்று. அதில் ஒருவர் நாங்கள் விழித்திருக்கும்போது தூங்குகிறவர்.

நான்காவது, நாமே ஓர் அமைப்பைப் பதிவு செய்வது. தென்காசிக்காரருக்கு இதில்தான் ஆசை. ‘பத்திரத்தில் பெயர் இருந்தால் யாரும் அசைக்க முடியாது’ என்பது அவர் கட்சி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கம் வைக்க ஏழு பேர் வேண்டும். கம்பெனிகள் சட்டம், 2013-இன் 8-ஆம் பிரிவில் லாப நோக்கமற்ற கம்பெனி என்றால் இரண்டு பேர் போதும்; ஆனால் ஆண்டுதோறும் தணிக்கை, ஆண்டுதோறும் பதிவாளருக்குத் தாக்கல், தவறினால் அபராதம். என் ஆடிட்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். “வருமானம் எவ்வளவு வரும்?” என்றார். சொன்னேன். “அப்படியானால் அது முழுவதும் எனக்கே வரும்” என்றார்.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை வெளிநாட்டுப் பணம். திறமூலத் திட்டங்களுக்கு வரும் நன்கொடையில் பெரும் பகுதி வெளியிலிருந்து வருகிறது. இந்திய அமைப்பு ஒன்று அதை வாங்க வேண்டுமென்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-இன் கீழ்ப் பதிவு வேண்டும். அதற்கு அமைப்பு மூன்று ஆண்டுகளாக இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பணம் முதலில் புதுடெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வர வேண்டும். ஒன்பதுக்கு ஒன்பது விதமான வேடம் கட்டும் நிரலகத்துக்கு இவ்வளவு பெரிய கோபுரம் எதற்கு? ஓர் ஆள் வேலை செய்து அதற்குப் பில் போட்டுக் கூலி வாங்குவது வேறு கணக்கு, நன்கொடை வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஆடிட்டருக்குக் கொடுக்கும் ஒரு முறைக் கட்டணம் நியாயமானது.

ஐந்தாவது, பிறருடைய குடைக்குள் ஒதுங்குவது. ஏற்கெனவே பதிவான ஓர் அமைப்பு உங்களுக்காகப் பணம் வாங்கி, கணக்கு வைத்து, செலவுச் சீட்டைப் பார்த்துக் கொடுக்கும். அமெரிக்காவில் ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் இதற்குப் பத்து சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2006-இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி பணத்தோடு பெயர், வழக்கு போன்ற சட்ட விஷயங்களையும் ஏற்கிறது; நம்பை, பாண்டாஸ் போன்ற அறிவியல் நிரலகங்களுக்கு நம்ஃபோகஸ் என்ற அமைப்பு இருக்கிறது. இந்தியாவில் ஃபாஸ் யுனைடெட் என்ற அமைப்பு உதவித்தொகை தருகிறது. பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் அறிவித்த ஃப்ளாஸ் ஃபண்ட் ஆண்டுக்கு 10 லட்சம் டாலரைத் திறமூலத் திட்டங்களுக்கு ஒதுக்குகிறது. ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. பெங்களூரிலிருந்து இப்படி ஒரு கதவு திறக்கும் என்று பத்து ஆண்டுக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இதில் எனக்கு ஒரே ஒரு தயக்கம். குடையே கிழிந்தால்? ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் என்ற குடை 2024 பிப்ரவரியில் தன்னைக் கலைத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. பெயர் ஒரேபோல இருந்தாலும், மேலே சொன்ன கலெக்டிவ் வேறு, இது வேறு. அதன் கீழிருந்த குழுக்கள் சில மாதங்களுக்குள் வேறு இடம் பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே பணத்துக்கு மட்டும் குடை, பெயரும் சாவியும் நம் கையில் என்று வைத்துக்கொண்டால் சரி. அதுவும் பணம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். வராத பணத்துக்கு உண்டியல் செய்ய வேண்டியதில்லை.

ஆறாவது வழியைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை: முடித்துவிட்டோம் என்று எழுதி மூடுவது. எனக்கு இது அவமானமாகத் தெரியவில்லை. தொள்ளாயிரம் அடுத்த ஆண்டும் தொள்ளாயிரம்தான். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு முறை எதுவும் புதிதாக வரப்போவதில்லை. ஆனால் டிஸ்ட்யூடில்ஸ் விஷயத்தைப் பார்த்தோமே, நாம் மாறாவிட்டாலும் நம் கீழே இருக்கும் தரை மாறுகிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒருவர் திறந்து பார்க்க வேண்டும்.

மிச்சம் ஒன்றுதான். நிறுவனம் எங்கள் மூன்று பேரிடம் நேரடியாக எழுதிக் கொடுப்பது. பார்க்க மிகவும் எளிது. இதில்தான் பெரிய பள்ளங்களும் இருக்கின்றன.

பள்ளம் ஒன்று, யாரிடம் கொடுக்கிறோம் என்பது. 2018-இல், ஜாவாஸ்கிரிப்ட் நிரலகங்களைப் பகிரும் என்பிஎம் தளத்தின் ‘ஈவென்ட்-ஸ்ட்ரீம்’ பேக்கேஜை அதன் சொந்தக்காரர், உதவி செய்கிறேன் என்று மின்னஞ்சல் எழுதிய முகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்தார். அந்த ஆள் சில வாரங்களில் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலை உள்ளே நுழைத்தார். 2024 மார்ச்சில் வெளியான, கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்இசட்’ மென்பொருளின் சம்பவம் இன்னும் பொறுமையானது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்று, களைத்துப்போன பராமரிப்பாளரிடமிருந்து சாவி வாங்கி, அதன் பிறகு பின்வாசல் வைத்தார்கள். இரண்டிலும் தனி ஆள் ஒருவர், சம்பளமில்லை, சோர்வு, உதவ வந்தவர் மேல் நன்றி. கனடாக்காரரை நேரில் பார்த்ததில்லை என்று மேலே எழுதினேன் அல்லவா? அதை நினைத்து ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் அவரிடமே சொன்னேன். “அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டு எட்டு வருஷம் நடிக்க எனக்குப் பொறுமை இல்லை” என்று சிரித்துவிட்டு, வெளியிடும் உரிமையை இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்தான் என்று வைக்கச் சொன்னார். கிட்ஹபில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் வெளியீடு போகாதபடி அமைத்துவிட்டோம். சோர்வுக்கும் சேர்த்துத்தான் இந்த ஏற்பாடு. எனக்குக் களைப்பு வரும் நாளில் என் தலையாட்டல் மட்டும் போதாது.

பள்ளம் இரண்டு, தாள். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவுப்படி, வேலையில் இருக்கும்போது அந்த வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நிறுவனம். நான் பத்து ஆண்டு எழுதியது என்னுடையது அல்ல. கனடாக்காரர் எழுதியது அவருடையது. அவர் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. நிறுவனம் தன் பங்கை எங்களுக்கு மாற்ற வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இங்கேதான் 19-ஆம் பிரிவு காலை வாருகிறது. எவ்வளவு காலத்துக்கு என்று தாளில் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ‘நிரலகத்தின் உரிமையை இதன்மூலம் வழங்குகிறோம்’ என்று அண்ணாச்சி முதலில் எழுதிக்கொடுத்த ஒற்றை வரி, இந்தியாவில் ஐந்து ஆண்டு கழித்து, கனடாவில் முதல் நாளே, செல்லாக் காசு. ‘காப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்’ என்ற ஐந்து சொற்களைச் சேர்த்தோம்.

உண்மையைச் சொன்னால், நிரலைத் தொடர இந்தத் தாள் தேவையில்லை. திறமூல உரிமமே போதும். என்றாவது உரிமத்தை மாற்ற வேண்டி வந்தால்தான் தேவைப்படும். பெயர் விஷயம் அப்படி அல்ல, உரிமம் அதைத் தொடுவதில்லை. நிறுவனம் பெயரை வணிகக்குறியாகப் பதிவு செய்யவில்லை; ஆனாலும் ‘பெயரின் மேல் நிறுவனமோ அதை வாங்குகிறவர்களோ உரிமை கோர மாட்டார்கள்’ என்று ஒரு பத்தி கேட்டேன். பைபிஐ கணக்கின் உரிமையாளர் இடத்தில் எங்கள் மூவரின் சொந்தப் பெயர்கள். மூன்றும் விற்பனை ஒப்பந்தத்தின் தேதிக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். ‘நிறுவனத்தின் அனைத்து அறிவுசார் சொத்துகளும்’ என்று விற்பனைப் பத்திரத்தில் ஒரு வாக்கியம் வந்துவிட்டால், பட்டியலில் பெயர் இல்லாதவையும் அந்தக் கூடையில் விழுந்துவிடும்.

ராத்திரி பத்து மணிப் புகாருக்குத் தாள் பதில் சொல்லாது. தாமிரபரணிப் பாசனத்தில், கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் முன்னால் ஆயக்கட்டுக்காரர்கள் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கித் தூர் வாரும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். அதைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஆட்கள் வராமல் போனதால், 1858-இலேயே ஆங்கிலேய அரசு அதைக் கட்டாயமாக்கச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதனால் ‘பயன்படுத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று நான் நம்பவில்லை. எங்கள் நிரலகத்தைப் பயன்படுத்துவதாகத் தெரிந்த பதினொரு நிறுவனங்களுக்கு எழுதி, மாதம் ஒரு அரை நாள் ஒரு பொறியாளரைத் தர முடியுமா என்று கேட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் பணம் தருகிறேன், ஆள் கிடையாது என்றார். மீதி எட்டுப் பேர் பதில் எழுதவில்லை. வாரம் ஒன்றரை நாளுக்குப் பதிலாக மாதம் ஒரு நாள். இதைக் கொண்டு புதிய வசதி எதுவும் சேர்க்க முடியாது, பழுது பார்க்கலாம். முகப்புப் பக்கத்தில் அதை அப்படியே எழுதிவிட்டோம். இரண்டு பேருக்குக் கீழே போனால் ஆறாவது வழி, அதற்கான வாசகமும் தயாராக இருக்கிறது.

அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முதல் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் ஒரு வரியாவது இருக்க வேண்டும். கொக்கிரகுளத்துக்குப் போகும் வழியில் ஆற்றுக்கு மேலே நிற்பது 1843-இல் திறந்த பாலம். சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. இன்றும் ஊர் அவர் பெயரைத்தான் சொல்கிறது, பள்ளம் விழுந்தால் அரசு வந்து அடைக்கிறது. ஒரு வரி என்ன, இரண்டு வரி போடுகிறோம் என்றேன்.

போன வாரம் வாங்குகிறவர்களின் கணக்காளர் வந்து சொத்துப் பட்டியல் எடுத்தார். நாற்காலி பதினான்கு, யுபிஎஸ் இரண்டு, பழைய பிரிண்டர் ஒன்று. இழுப்பறையையும் திறந்தார். பட்டியலில் நிரலகம் இல்லை. ‘ஆண்ட்ராய்டு போன், உடைந்தது, 1’ என்று இருக்கிறது. அன்று மாலையே உட்கார்ந்து எங்கள் மூவரின் போன்களுக்கும் சரிபார்ப்பு எண்ணை மாற்றினோம். கனடாவில் அப்போது விடிகாலை. பழைய போனின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, துடைத்து, இழுப்பறையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.